சிறைக்குள் கிடைத்த சட்ட வகுப்பும் 14 நாள் கெடுவும்

வவுனியாவில் நான் விளக்கமறியலில் இருந்த காலத்தில், சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் வந்து கைதிகளுக்குச் சட்ட விளக்க வகுப்பொன்றை நடத்தினார். அப்போது நீதவான் எனக்குப் பிணை வழங்கியிருந்தும், காசுப் பிணையைக் கட்ட ஒட்டுசுட்டானில் இருந்த அம்மாவுக்கு வழியில்லாததால் நான் உள்ளேயே கிடந்தேன். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பதுதான் விதிவிலக்கு என்பதையும், தொகையைக் குறைக்கும்படி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

என்னைவிட அவசரமான நிலையில் இருந்தவர், மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுப் புதிதாக வந்திருந்த ஓர் அண்ணை. மேன்முறையீட்டுக்கு 14 நாட்களே உண்டு. அவருடைய வீட்டாரோ சட்டத்தரணிக்குக் காசு தேடிக் காணியை ஈடுவைக்க அலைந்துகொண்டிருந்தார்கள். சிறையில் இருப்பவர் அந்தக் கெடுவுக்குள் தன் மேன்முறையீட்டு அறிவித்தலைச் சிறை அதிகாரிகளிடம் எழுத்திலோ வாய்மொழியிலோ கொடுத்தாலே போதும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுவதைச் சட்டத்தரணி விளக்கியபோது, அந்த அண்ணை எழுந்து நின்றுவிட்டார்.

"வாயாலை சொன்னாலும் காணுமோ, ஐயா?"

"காணும். ஆனால் எழுதிக் குடுங்கோ, திகதியையும் போடுங்கோ."

அன்று பின்னேரமே கொப்பித் தாளொன்றில் அவருடைய பெயர், வழக்கு இலக்கம், தீர்ப்புத் திகதி, தண்டனை, ஆட்சேபிக்கும் காரணங்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதினேன். அவர் கையொப்பமிட்டார். நலன்புரி அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதும், எங்களிடம் வைத்திருக்கப் பிரதியொன்றையும் எழுதிக்கொண்டோம். இந்த விபரம் தண்டனை பெற்றவர் சிறைக்குள் நுழையும் அன்றே, அவருக்கு விளங்கும் மொழியில், வாயால் சொல்லப்பட வேண்டியது. சுவரில் ஒட்டிவிட்டுப் போனால் எழுத்தறியாதவருக்கு அது எட்டாது.

என் பிணைத் தொகையைக் குறைக்கும் விண்ணப்பத்தை அந்தச் சட்டத்தரணியே அடுத்த தவணையில் முன்வைத்தார். பிணையாளிகளுக்கான வதிவிடச் சான்றிதழ்களைக் கிராம அலுவலரிடம் அம்மா முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தபடியால், தொகை குறைக்கப்பட்ட அன்றே கையொப்பங்கள் முடிந்து நான் வெளியே வந்தேன். தண்டனை பெற்ற உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தீர்ப்புத் திகதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காசு சேரும்வரை காத்திராமல், அறிவித்தலை உள்ளிருந்தே கொடுக்கச் சொல்லுங்கள்.