தொண்ணூற்றொன்பது ஆடுகளும் இடது கையும்: ஞானவாதப் பாடத்தை நான் படித்த விதம்

முதுகலையில் கிறிஸ்தவ இயல் படித்தபோது, முதல் மூன்று நூற்றாண்டுகளின் திருச்சபை வரலாறு எங்களுக்கு ஒரு தாளாக இருந்தது. அதில் ஞானவாதம், அதாவது மீட்பு அறிவினால் வருகிறது என்று போதித்த நாஸ்டிக் மரபு, ஓர் அலகு. அகமதிப்பீட்டுத் தேர்வில் "தொடக்கக் கிறிஸ்தவப் போதனைகளை ஞானவாதிகள் எவ்வாறு விளக்கினர்?" என்று கேட்டிருந்தார்கள். தெய்வீக நிறைவாகிய பிளெரோமா, அதிலிருந்த முப்பது ஏயோன்கள் என்னும் தெய்வீக உருக்கள், கடைசி ஏயோனாகிய சோபியாவின் வீழ்ச்சி, அதன் விளைவாகத் தோன்றிய படைப்பாளியான தெமியூர்கோஸ், உடலுக்குள் சிறைப்பட்ட ஒளிப்பொறி என்று ஐந்து பக்கங்கள் எழுதினேன். விடைத்தாள் 25க்கு 9 மதிப்பெண்ணுடன் திரும்பி வந்தது. எழுதியதில் ஒரு தகவலும் தவறாக இல்லை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "கதை இருக்கிறது, விளக்கம் எங்கே?"

அந்த வரி புரிய எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. இந்த அலகைப் படிக்கப்போகிறவர்கள் அந்த ஒரு மாதத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாடநூல்கள் பெரும்பாலும் ஞானவாதத்தை ஒரு வரைபடமாகத் தருகின்றன. மேலே எட்டாத பிதா, நடுவில் ஏயோன்களின் அடுக்கு, கீழே பொருள் உலகம் என்று படம் போட்டுக் காட்டினால் மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலும் ரோமிலும் இருந்த வாலண்டினஸ் என்னும் ஞானவாத ஆசிரியரின் மாணவர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. மற்றக் கிறிஸ்தவர்கள் வாசித்த அதே மத்தேயுவையும் யோவானையும் பவுலின் நிருபங்களையும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிளெரோமா என்பதே அவர்கள் கண்டுபிடித்த சொல் அன்று. "அவருடைய பரிபூரணத்தினால் நாமெல்லாரும் கிருபையின்மேல் கிருபை பெற்றோம்" என்று யோவான் முதலாம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோமே, அந்தப் 'பரிபூரணம்' கிரேக்க மூலத்தில் பிளெரோமாதான். கொலோசெயர் நிருபத்தில் "தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம்" என்று வருவதும் அதுவே. இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு அந்த வரைபடம் தேவைப்படவில்லை. எந்த வசனத்திலிருந்து எந்தக் கருத்து முளைத்தது என்று தேடத் தொடங்கினேன், பாடமும் தானாகவே ஒழுங்குக்கு வந்தது.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. நோசிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் ஞானம் என்று நாம் வழங்கும் வடமொழிச் சொல்லும் ஒரே மொழிக்குடும்ப வேரிலிருந்து வந்தவை. அதனால் மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமாகத் தோன்றும். தோன்றியவுடனே சித்தர் பாடல்களின் ஞானமும் அத்வைத ஞானமும் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்குத் தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞானஸ்நானம், ஞானப்பாட்டு, ஞானப்பெற்றோர் என்று 'ஆவிக்குரிய' என்னும் பொருளில் இதே சொல் பழகியிருக்கும். இத்தனை பொருள்களையும் சுமந்துகொண்டு இரண்டாம் நூற்றாண்டுப் பிரதிக்குள் நுழைந்தால் அங்கே இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஒப்பாய்வு பிறகு செய்யத்தக்க நல்ல வேலைதான், ஆனால் இந்த அலகின் விடைத்தாளில் அதற்கு இடமில்லை. முதலில் 'நான் எங்கிருந்து வந்தேன், யாருடையவன் என்பதை மீட்பர் வழியாக அறிந்துகொள்ளுதல்' என்ற அளவில் அந்தச் சொல்லை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

விளக்கம் என்றால் என்ன என்பதை எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது காணாமற்போன ஆட்டின் உவமை. லூக்கா 15இல் அது மனந்திரும்பும் பாவியைப் பற்றியது. மத்தேயு 18இல் "இந்தச் சிறியரில் ஒருவனாகிலும் கெட்டுப்போவது" பிதாவின் சித்தமல்ல என்று முடிகிறது. இவ்விரண்டும் நமக்குத் தெரிந்தவை. தோமாவின் நற்செய்தி என்று அழைக்கப்படும் 114 மொழிகளின் தொகுப்பில் 107ஆம் மொழியாக அதே உவமை வருகிறது, ஆனால் அங்கே வழிதவறிய ஆடு மந்தையிலேயே மிகப் பெரியது. பாடுபட்டுத் தேடிக் கண்டுபிடித்த மேய்ப்பன், தொண்ணூற்றொன்பதைவிட உன்னை அதிகமாக நேசிக்கிறேன் என்று அந்த ஆட்டிடமே சொல்கிறான். மத்தேயுவின் 'சிறியர்' அங்கே 'பெரியது' ஆகிவிட்டது. இரக்கத்தின் கதை மதிப்பின் கதையாக மாறிவிட்டது. வாலண்டினஸின் மரபினரோ, அந்த ஆடு பிளெரோமாவுக்கு வெளியே அலைந்த அகமோத், அதாவது சோபியாவிலிருந்து பிரிந்த கீழ்ச் சோபியா என்று விளக்கியதாக லியோன் நகரப் பேராயர் இரனேயு ஏறக்குறைய 180இல் எழுதிவைத்திருக்கிறார்.

ஐந்தாவது வாசிப்புதான் என்னைப் புத்தகத்தை மூடிவைத்து யோசிக்க வைத்தது. சத்தியத்தின் நற்செய்தி என்னும் பிரதி, தொண்ணூற்றொன்பது என்பது இடது கையில் பிடிக்கப்படும் எண் என்றும், காணாமற்போன ஒன்று கிடைத்தவுடன் முழுத் தொகையும் வலது கைக்கு மாறுகிறது என்றும் சொல்கிறது. முதல் தடவை வாசித்தபோது இதைப் புரியாத மறைபொருள் என்று ஒதுக்கிவிட்டேன். அது மறைபொருள் அன்று, அன்றைய சந்தைக் கணக்கு. ரோமப் பேரரசில் மக்கள் விரல்களை மடக்கி எண்ணினார்கள். ஒன்றுகளுக்கு இடது கையின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பத்துகளுக்கு அதே கையின் சுட்டுவிரலும் கட்டைவிரலும். 99 வரை எல்லாம் இடது கையிலேயே அடங்கும். நூறு வந்தவுடன் எண்ணிக்கை வலது கைக்குத் தாவும். அந்த இரவு விடுதி அறையில் என் சொந்த விரல்களை மடக்கிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதில் இடது கை முழுவதும் இறுகிக் கிடக்கிறது, வலது கை வெறுமனே இருக்கிறது. ஒன்று கூடியதும் இடது கை முழுவதும் விடுபடுகிறது. குறைவு நீங்கி நிறைவு வருவதை இதைவிட எளிமையாக ஒரு கடைக்காரருக்கும் விளக்கிவிட முடியாது. அந்த உவமையை அப்படி வாசித்த மனிதர் உலகத்தை வெறுத்த இருண்ட மனத்தினர் என்று பாடநூல் சொன்னதை என்னால் அதன்பிறகு அப்படியே ஏற்க முடியவில்லை.

எந்தப் பிரதியில் தொடங்குவது என்று கேட்டால், தயங்காமல் தாலமி என்னும் வாலண்டினிய ஆசிரியர் புளோரா என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதத்தைச் சொல்வேன். நான்காம் நூற்றாண்டில் சைப்ரஸின் சலாமிஸ் நகரப் பேராயராக இருந்த எப்பிபானியு, மறுப்பதற்காகவே தம் நூலில் அதை முழுமையாக எடுத்தெழுதியதால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏயோன்களின் பட்டியல் அதில் இல்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் யாரால் கொடுக்கப்பட்டது என்ற ஒரே கேள்வி. பதில் முழுவதும் இயேசுவின் சொற்களைக்கொண்டே கட்டப்படுகிறது. உங்கள் இருதயகடினத்தினிமித்தம் மோசே தள்ளுதற்சீட்டுக்கு இடங்கொடுத்தார் என்று இயேசு சொன்னதால் ஒரு பகுதி மோசேயுடையது, கொர்பான் என்ற காணிக்கை விவகாரத்தில் பெரியோரின் பாரம்பரியத்தை இயேசு கண்டித்ததால் ஒரு பகுதி மூப்பர்களுடையது, மிஞ்சியதே தேவனுடையது. அந்தத் தேவனுடைய பகுதியையும் தாலமி மூன்றாகப் பிரிக்கிறார்: தூய்மையானதாகிய பத்துக் கட்டளைகளை மீட்பர் நிறைவேற்றினார், அநீதி கலந்ததாகிய 'கண்ணுக்குக் கண்' என்பதை நீக்கினார், பலி, ஓய்வுநாள், விருத்தசேதனம் முதலிய அடையாளங்களை ஆவிக்குரிய பொருளுக்கு மாற்றினார். கடைசியில்தான், இப்படிப்பட்ட சட்டத்தைக் கொடுத்தவர் பூரணரான பிதாவாகவும் இருக்க முடியாது, பிசாசாகவும் இருக்க முடியாது, நடுவில் நிற்கும் நீதியுள்ள ஒருவர் என்ற முடிவு வருகிறது. என் முதல் விடைத்தாளில் தெமியூர்கோஸ் எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்திருந்தார். இந்தக் கடிதத்தில் அவர் மத்தேயு 5, 15, 19 ஆகிய அதிகாரங்களின் வாசிப்பிலிருந்து படிப்படியாக எழுகிறார். பேராசிரியர் கேட்ட விளக்கம் இதுதான்.

இரனேயுவை எதிரியின் வாக்குமூலம் என்று தள்ளிவிடாதீர்கள். ஞானவாதிகளை மறுத்து அவர் எழுதிய ஐந்து புத்தகங்களின் கிரேக்க மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை, இலத்தீன் மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் முடிவில் உள்ள "ஞானமென்று பொய்யாய்ப் பேர்பெற்றிருக்கிற" என்ற தொடரிலிருந்தே தம் நூலுக்குத் தலைப்பை எடுத்தவர் அவர். எதிராளிகள் வசனங்களை எப்படிக் கையாண்டார்கள் என்பதை ஆத்திரத்தோடும் துல்லியத்தோடும் பதிவுசெய்திருக்கிறார். திராட்சத்தோட்ட வேலையாட்கள் அழைக்கப்பட்ட மணிகள் 1, 3, 6, 9, 11. கூட்டினால் 30, அதுவே ஏயோன்களின் எண்ணிக்கை என்று அவர்கள் வாதிட்டதை அவரிடமிருந்தே அறிகிறோம். அவருடைய மறுப்பும் அழகானது: அரசனின் உருவத்தை அமைத்திருந்த விலையுயர்ந்த கற்களைப் பெயர்த்தெடுத்து, அதே கற்களால் ஒரு நரியைச் செய்து, இதுதான் அரசன் என்று காட்டுவதைப் போன்றது இந்த வாசிப்பு என்கிறார். கற்கள் உண்மையானவை, ஒழுங்கு பொய்யானது. அப்படியானால் ஒழுங்கை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி எழுகிறது. விசுவாசப் பிரமாணம், ஆயர்களின் தொடர்ச்சி என்று இரனேயு அடுத்து எடுத்துவைப்பவை எல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்களே. இந்த இணைப்பை விடையில் காட்டினால் இரண்டு அலகுகளைப் படித்ததற்கான பயன் ஒரே பத்தியில் தெரியும்.

நாக் ஹம்மாடி கண்டுபிடிப்பைப் பற்றி அதிகம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 1945, மேல் எகிப்து, ஒரு சாடியில் கிடைத்த நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த காப்டிக் மொழிச் சுவடிகள், 13 தொகுதிகள், ஐம்பதுக்கு மேற்பட்ட பிரதிகள் என்பது போதும். ஆனால் ஒரு செய்தியை மறக்காதீர்கள்: பிளேட்டோவின் குடியரசிலிருந்து ஒரு பகுதியும் அங்கே இருக்கிறது. எனவே அந்தச் சாடியிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் ஞானவாதம் என்று முத்திரை குத்த முடியாது. தோமாவின் நற்செய்தியிலும் சோபியாவின் வீழ்ச்சியோ தெமியூர்கோஸோ வருவதில்லை. அதை ஞானவாதப் பிரதி என்று சொல்லலாமா என்பதே விவாதம். ஞானி, அதாவது நாஸ்டிக் என்ற பெயரை, இரனேயுவுக்குப் பிந்தைய தலைமுறையில் வாழ்ந்த அலெக்சாந்திரியா கிளமென்ட், முதிர்ச்சியடைந்த நல்ல கிறிஸ்தவருக்கே சூட்டினார். 'ஞானவாதம்' என்ற ஒற்றைச் சமயம் அப்படி ஒன்றாக இருந்ததே இல்லை என்று 1990களிலிருந்து ஆய்வாளர்கள் வலியுறுத்தி வருவதையும் விடையில் ஓரிரு வரிகளில் குறிப்பிடுவது நல்லது. வாலண்டினியர், சேத்தியர் (ஆதாமின் மகன் சேத்தின் வழியினராகத் தம்மைக் கருதியவர்கள்) என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'ஞானவாதிகள் நம்பினர்' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் அடித்துவிட்டுத் திரும்ப எழுதப் பழகினேன்.

என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வசனம் என்று வைத்துக்கொண்டேன். மேலே தமிழ் வேதாகமத்திலிருந்து வசனம், அதன் கீழே யார் எந்தப் பிரதியில் அதை எப்படி வாசித்தார், அதன் கீழே அதற்கு வந்த மறுப்பு. "மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது" என்ற கொரிந்தியர் வசனத்துக்கு மட்டும் நான்கு பக்கங்கள் ஆயின, ஏனெனில் எதிராளிகள் எல்லாரும் நீட்டுகிற வசனம் இது என்று இரனேயுவே முறையிடுகிறார். மொத்தம் பதினாறு வசனங்கள்தான் படித்தேன். பல்கலைக்கழகத் தேர்வில் எந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் பதினாறில் மூன்றைக்கொண்டு விடையைக் கட்ட முடிந்தது.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் வேறு எதுவும் கேட்காமல், யோவான் நான்காம் அதிகாரத்தைத் திறந்து, ஹெராக்ளியோன் வாசித்தபடி வாசித்துக் காட்டுங்கள் என்றார். நமக்குத் தெரிந்தவரை புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றுக்கு முதன்முதலில் விளக்கவுரை எழுதியவர் வாலண்டினியரான ஹெராக்ளியோன். மூன்றாம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஒரிஜன் தம் உரையில் மேற்கோள் காட்டி மறுத்த துண்டுகளாகவே அது எஞ்சியிருக்கிறது. கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு சொன்ன "நீ போய், உன் புருஷனை இங்கே அழைத்துக்கொண்டு வா" என்ற வசனத்தில் தொடங்கினேன். அவளுக்கு முறையான கணவன் இல்லை என்பது மீட்பருக்குத் தெரியும், தெரிந்தும் அழைத்துவரச் சொல்கிறார், ஆகவே அவர் குறிப்பிட்டது உலகத்துக் கணவனை அல்ல. அவளுடைய பிளெரோமாவை, அவள் பிரிந்து வந்த நிறைவை, அதனோடு சேர்ந்து மீட்பரிடம் வரும்படி அழைக்கிறார் என்று ஹெராக்ளியோன் வாதிட்டதைச் சொன்னேன். வசனத்தில் ஐந்து புருஷர் என்றிருக்க அவர் ஆறு என்று வாசித்ததாக ஒரிஜன் குறிப்பிடுவதையும், ஒரிஜனும் அந்தப் பகுதியை நேர்ப்பொருளில் வாசிக்கவில்லை என்பதையும் சேர்த்தேன்.

"இருவருமே உருவகமாகத்தான் வாசிக்கிறார்கள் என்றால் சண்டை எதைப் பற்றியது?" என்று அவர் கேட்டார்.

சண்டை வாசிக்கும் முறையைப் பற்றியதல்ல, அந்தக் கிணற்றைத் தந்த யாக்கோபின் தேவனும் கிணற்றருகே உட்கார்ந்திருந்தவரின் பிதாவும் ஒருவர்தானா என்பதைப் பற்றியது என்று பதில் சொன்னேன். அவர் வேதாகமத்தை மூடாமல், அப்படியே அடுத்த வசனத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார்.