கோலாலம்பூர் வந்த மூன்றாம் மாதம் பிள்ளை திக்கினால்

திருச்சியில் மழலை மாறாமல் மளமளவென்று பேசிய பிள்ளை, பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோவுக்குக் குடிவந்த மூன்றாம் மாதம் "அ-அ-அ-அம்மா" என்கிறது. உடனே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். பாட்டியை விட்டுப் பிரித்ததால்தான், டாஸ்கா எனும் குழந்தைக் காப்பகத்தில் போட்டதால்தான், வேலைக்கார அக்கா மலாயில் பேசுவதால்தான் என்று ஆளுக்கொரு காரணம். திக்கல் பெரும்பாலும் தலைகாட்டுவதே 2 முதல் 4 வயதுக்குள். குடும்பத்தோடு வேலைக்கு வருகிற பலரின் பிள்ளைகளுக்கும் அதே வயதுதான், அதனால் பழி ஊர்மேல் விழுகிறது. அதன் வேர் பரம்பரையிலும், பேசுவதற்கான தசைகளை மூளை இயக்கும் விதத்திலும் இருக்கிறது. அலைச்சலும் தூக்கக் குறைவும் சில நாள் கூட்டிக் காட்டலாம், அவ்வளவுதான்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். "எனக்கு எனக்கு எனக்கு ரோட்டி வேணும்" என்று முழுச்சொல்லைத் திருப்புவதும், "அது வந்து… அது வந்து" என்று இழுப்பதும் வாக்கியம் கட்டப் பழகும் வயதுக்கு உரியவை. சொல்லின் முதல் ஒலி மட்டும் துண்டு துண்டாக உடைவது ("ப-ப-ப-பால்"), நீண்டு இழுபடுவது ("ம்ம்ம்ம்மாமா"), வாய் திறந்தபடி இருந்தும் சத்தமே வராமல் அடைபட்டு நிற்பது, இவை வேறு. மூன்றாவதைப் பெற்றோர் அடிக்கடி தவற விடுகிறார்கள். 'யோசிக்கிறான்' என்று எண்ணிக்கொள்வார்கள். யோசிக்கும் பிள்ளையின் உதடு தளர்வாக இருக்கும், அடைபட்ட பிள்ளையின் உதடும் தாடையும் இறுகியிருக்கும். கூடவே கண்ணை இறுக்கி மூடுவது, காலைத் தட்டுவது, பேச வந்து "ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் போவது தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது.

திக்கத் தொடங்கும் சிறுபிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஊரிலிருந்து ஃபோனில் சொல்லும் அத்தை முழுக்கத் தவறில்லை. ஆனால் அந்த நான்காவது பிள்ளை யார் என்று அத்தைக்கும் தெரியாது, நிபுணருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆண் பிள்ளை, மூன்றரை வயதுக்குப் பின் தொடங்கியது, குடும்பத்தில் யாருக்காவது பெரியவராகியும் நீடித்தது, தொடங்கி 6 மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் நீடிக்கும் வாய்ப்பு கூடும். வசம்பை நாக்கில் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், அது நஞ்சாகவும் மாறக்கூடியது. நாக்குக்கு அடியிலுள்ள சவ்வை வெட்டுவதாலும் திக்கல் போகாது.

திக்கல் அலை போல வந்து போகும். இரண்டு வாரம் சுத்தமாக இருந்துவிட்டு மூன்றாம் வாரம் வாயே திறக்க விடாது. கிளினிக்குக்குப் போகும் நாளில் பார்த்து பிள்ளை ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிப் பேசும். அதனால் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் இரண்டிரண்டு நிமிடம், வேறு வேறு நாட்களில், முகம் தெரியும்படி கைபேசியில் எடுத்து வையுங்கள். தொடங்கிய மாதத்தையும் குறித்து வையுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை, "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்பது. கேட்காதீர்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வராது, பேச்சும் தாமதமாகாது. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சுதான் வறண்டுபோகும். 2 வயதில் 50 சொல்லாவது இருக்க வேண்டும், இரண்டு சொல் சேர்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதை எல்லா மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும்: 'பால்' ஒன்று, மலாயில் பாலைக் குறிக்கும் 'சூசூ' ஒன்று. "சூசூ வேணும்" என்றால் இரு சொல் வாக்கியம் வந்துவிட்டது, குழப்பம் அல்ல. 3 வயதில் வெளியாளுக்கு முக்கால்வாசியாவது புரிய வேண்டும். ழகரம் வரவில்லையே என்று மட்டும் கவலைப்படாதீர்கள், அது பல தாத்தாக்களுக்கே வருவதில்லை.

பேச்சு தாமதம் என்றால் முதலில் காது. பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் தேறியது இன்றைக்குச் சான்று அல்ல. சளி அடிக்கடி பிடித்து நடுச்செவியில் நீர் கட்டினால் வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது, கேட்பது மட்டும் மந்தமாகும். கேட்கும் திறன் சோதனையோடு செவிப்பறை அழுத்தச் சோதனையும் கேளுங்கள்.

அரசு வழி என்றால் கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் தொடங்கி, 'சூராட் ருஜுக்கான்' எனும் பரிந்துரைக் கடிதத்தோடு மருத்துவமனையின் 'தெராப்பி பெர்துதுரான்' எனும் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முகப்பில் திக்கலுக்குச் சொல் 'காகாப்', பேச்சுத் தாமதத்துக்கு 'லம்பாட் பெர்ச்சாக்காப்'. குடிமக்கள் கட்டும் 1 ரிங்கிட், 5 ரிங்கிட் கணக்கு வெளிநாட்டவருக்குப் பொருந்தாது. பாஸ்போர்ட்டோடு ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். 18 மாதத்தில் நிரப்பச் சொல்லும் எம்-சாட் தாள் ஆட்டிசத்துக்கானது, அதில் தேறியதால் திக்கல் இல்லை என்று ஆகாது. தனியாரிடம் கடிதமின்றி நேராகப் போகலாம். துணை சுகாதாரத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா, சிறுபிள்ளைத் திக்கலில் பழக்கம் உண்டா என்று முதல் ஃபோனிலேயே கேளுங்கள். கம்பெனி காப்பீடு இதை ஏற்குமா என்பதையும் பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். யூகேஎம் பல்கலைக்கழகம் 1995இலேயே இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தாலும், தமிழ் பேசும் சிகிச்சையாளர் எளிதில் அமைவதில்லை. சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாதது பெரிய தடையும் அல்ல, ஏனெனில் இந்த வயதில் பயிற்சி கொடுப்பது பெற்றோர்தான்.

உதாரணத்துக்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம்ப் முறை. தினமும் 10–15 நிமிடம் படப்புத்தகமோ விளையாட்டோ. தடங்கலின்றி வந்த பேச்சுக்கு "அழகா வந்துச்சு!" என்பார்கள். எப்போதாவது ஒருமுறை மட்டும், "அது கொஞ்சம் மாட்டிக்கிச்சு, மறுபடி சொல்றியா?" பாராட்டு மிகுதியாகவும் திருத்தம் அரிதாகவும் இருக்க வேண்டும். அன்றன்றைய திக்கலுக்குப் பெற்றோரே 0 முதல் 9 வரை மதிப்பெண் போட்டு, வாரந்தோறும் சிகிச்சையாளரிடம் காட்டுவார்கள். யூடியூப் பார்த்து நீங்களாகத் தொடங்காதீர்கள். திருத்தம் கூடிப்போனால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

சிகிச்சைக்குக் காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் பேச்சின் வேகத்தைக் குறைத்து, பிள்ளை முடித்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள். "மெதுவா பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு" வேண்டாம். பிள்ளையின் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுப்பதும் வேண்டாம். டாஸ்கா ஆசிரியை அன்பாகத்தான் "பெலான்-பெலான்" (மெதுவாக) என்பார். அவரிடம் ஒரு வரி சொல்லி வைத்தால் போதும்: "துங்கு டியா ஹாபிஸ் சாக்காப்." அவன் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள் என்று பொருள்.