டிராமடாலை நிறுத்த ஒரு சீட்டு

முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலிக்குக் கொடுத்த டிராமடாலை விட்டு வெளியே வந்ததுதான் பெரும்பாடு.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று இருந்தது. எப்படி நிறுத்த வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ‘கன்டின்யூ’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாதங்கள் ஓடின. வலி தணிந்ததும் கேட்டேன். பணியில் இருந்த மருத்துவர் தலை நிமிராமலே, “நிறுத்திவிடுங்கள்” என்றார். நிறுத்தினேன்.

மறுநாள் மாலை தொடங்கியது கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வடிந்தது. சளி என்று நினைத்து மனைவி மிளகு ரசம் வைத்தாள். இரவில் கத்திரி வெயில் புழுக்கத்திலும் உடம்பு புல்லரித்தது, வயிற்றுப்போக்கு வேறு. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் விடியும்வரை கூடத்தில் நடந்தேன். சளிக்குக் கால் இப்படியா துடிக்கும்?

நிறுத்திய மாத்திரையை மறுபடி வாங்கப் போனால், புதிய சீட்டில்லாமல் தர முடியாது என்றார் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிராமடால், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடுள்ள ஹெச்1 பட்டியல் மருந்து. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.

குறை சொல்ல வேண்டியது மருத்துவமனை கவுன்டரை. “அந்த மாத்திரையா சார்? மறுபடியுமா?” என்று உரக்கக் கேட்டார் அந்த ஊழியர். வரிசையே திரும்பிப் பார்த்தது. எழுதிக் கொடுத்ததே அவர்கள்தானே! கோப்பு கிடைக்கவில்லை, மருத்துவர் ஊரில் இல்லை, நாளை வாருங்கள். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு தண்டம்.

கடைசியில் வேறொரு இடத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். “இதற்கு எதற்கு அவர்?” என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். மாமனாரோ, அடையாறு இந்திரா நகரில் உள்ள டிடிகே போதை மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்த்துவிடலாம் என்றே முடிவு கட்டியிருந்தார். மருத்துவர் நிதானமாகக் கேட்டார்: எழுதியதைவிடக் கூடுதலாகப் போட்டீர்களா? வலி இல்லாதபோதும் மனம் தேடுகிறதா? இல்லை என்றேன். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு என்றார். ஆனால் நிறுத்தும்போது வரும் இந்த வேதனைக்குப் பயந்து மாத்திரையைத் தொடர்ந்து, அடிமையாகிப் போகிறவர்கள் உண்டாம்.

மாத்திரையைப் பாதியாக வெட்டிக் குறைக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது, என்னுடையது மெதுவாகக் கரையும் வகை, உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும் என்றார். சாதாரண 50 மில்லிகிராம் காப்ஸ்யூலுக்கு மாற்றி, எந்த வாரம் எந்த வேளையைக் குறைப்பது என்று கட்டம் போட்டு எழுதினார். இடையில் போட்டுவந்த தூக்க மாத்திரையை உடனே கவனித்தார். இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். ஆகவே போகும்போது போட்டுவரும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். முதல் சீட்டு எழுதும்போதே எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

குறைத்த வாரங்களில் தூக்கம் கெட்டது, அவ்வளவுதான். முடிந்ததும் அந்தக் கட்டத்தை நகலெடுத்து, என் கோப்பில் சேர்க்கச் சொல்லிப் பழைய மருத்துவமனையில் கொடுத்தேன். “இதெல்லாம் வாங்க மாட்டோம்” என்றார் அதே ஊழியர். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் நான் நகரவில்லை.