சுரண்டல் என்னும் சொல்

பானையின் அடியில் ஒட்டியதை நகத்தாலோ கரண்டியாலோ வழித்தெடுப்பதைச் சுரண்டுதல் என்கிறோம். அந்தக் கைவேலையின் பெயரே பிறர் உழைப்பை உறிஞ்சுவதற்கும் வந்து அமைந்தது. கொள்ளை ஒரே வீச்சில் முடிந்துவிடும், திருட்டு கண்ணில் படாமல் நடக்கும். ஆனால் சுரண்டலோ எதிரிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, பறிகொடுப்பவருக்கே உறைக்காத அளவில் நடப்பது என்பதால், மேல்பூச்சை மெல்லப் பெயர்த்தெடுக்கும் இந்த வினை அதற்கு மிகக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்திய அரசியலமைப்பின் 23, 24ஆம் உறுப்புகள் தமிழில் 'சுரண்டலுக்கு எதிரான உரிமை' என்றே வழங்குகின்றன. சுரண்டிப் பார்க்கும் பரிசுச்சீட்டைச் 'சுரண்டல் லாட்டரி' என்றது, அறியாமல் சொன்ன உண்மையோ என எனக்குத் தோன்றுவதுண்டு.

இதைவிட நுட்பமானது 'கொள்' என்னும் துணைவினை. 'அவரைப் பயன்படுத்தினார்கள்' என்பதில் பெரிய குறையில்லை; 'அவரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்' என்றதும் ஆதாயம் யார் பக்கம் போனது என்பது தெரிந்துவிடுகிறது. ஆயினும் 'வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்' என்பது நல்ல அறிவுரைதான். செயப்படுபொருள் மனிதராகும்போதுதான் பெரும்பாலும் அந்தக் 'கொள்' கசக்கிறது.