நாலு ஸ்க்ரூ: மே மாத நாட்குறிப்பு

மே 2, சனி

அண்ணன் குடும்பம் லீவில் வரும்போது எல்லாரும் சேர்ந்து தங்க, பூல் உள்ள ரிசார்ட் தேடுகிறேன். எட்டு பார்த்ததில் ஐந்து கழிந்தது. மிச்சம் மூன்று.

ரிசார்ட்காரர்கள் போடும் படங்களைத் தள்ளிவிட்டு, தங்கிப் போனவர்கள் எடுத்ததை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். முதலில் அடித்தரையின் டைல்ஸ் கோடு. ஆழமான பக்கத்தில் டிரெயின் மூடி, அதாவது அடியில் தண்ணீரை இழுக்கும் குழாயின் மூடி, தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் தேறும். அது தெரியாத பூலில், அடியில் கிடக்கும் பிள்ளையும் தெரியாது. நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளையாகப் படிந்திருந்தால் கடினத் தண்ணீர். மூலையில் மட்டும் பச்சை என்றால் அந்த மூலைக்குத் தண்ணீர் சுற்றி வரவில்லை. கரையில் ஆழம் எழுதியிருக்கிறதா, இறங்க கைப்பிடி இருக்கிறதா, பேபி பூலுக்கும் பெரிய பூலுக்கும் நடுவில் தடுப்பு உண்டா. ஒரு இடத்தில் இரண்டுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். அண்ணன் பையன் குட்டி அதை அரை நிமிஷத்தில் ஏறிவிடுவான். அது கழிந்த ஐந்தில் ஒன்று.

மே 3, ஞாயிறு

அண்ணன் லீவுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை.

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். காலையிலிருந்து போன்.

"பூல் ஆழம் எவ்ளோ சார்?"

"நாலு அடிதான் சார், பயமே வேணாம்."

நாலு அடி என்பது 122 சென்டிமீட்டர். எங்கள் பாப்பா உயரம் 108. எனக்கு மார்பளவு வரும் தண்ணீர் அவள் தலைக்கு மேல் அரை அடி நிற்கும். "நாலு அடிதான்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, தன் உயரத்தை வைத்துச் சொல்கிறார். அதனால் ஆழத்தை மட்டும் கேட்டு விடக்கூடாது. ஆரம்பத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, நடுவில் தரை சரிவா படியா என்று கேட்கணும். சரிவாக இருந்தால் பிள்ளைகள் விளையாட விளையாட வழுக்கிக்கொண்டே ஆழத்துக்குப் போய்விடுவார்கள்.

பேபி பூலுக்குத் தனி மோட்டார், தனி ஃபில்டர் உண்டா என்பது அடுத்த கேள்வி. 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஒன்றரை அடி ஆழம் என்றால் மொத்தமே 4,000 லிட்டர் சொச்சம். அதில் பத்துப் பிள்ளைகள் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் குளோரின் தீர்ந்துவிடும். பெரிய பூல் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் வழியாகப் போய்வந்தால் நல்லது. பேபி பூலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்வரணும். மூன்று இடத்தில் ஒருவர் மட்டும், "இருங்க சார், பூல் பையன கூப்புடறேன்" என்று ஓடினார். அந்த இடத்துக்கு ஒரு மதிப்பெண்.

மே 6, புதன்

மலையா கடலா என்று வீட்டில் இரண்டு கட்சி. அண்ணி ஏலகிரி என்கிறார். ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்கு வளைவு ஆகாது. அது போக, 1,100 மீட்டர் உயரத்தில் ராத்திரி குளிர்ந்த தண்ணீர் காலை பத்து மணி வரை குளிராகவே இருக்கும். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் உதடு நீலம் பாரித்து ஏறிவிடுவார்கள். வடக்கே பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகலாம், பூலுக்குப் போக முடியாது. கடைசியில் இ.சி.ஆர். தான். காலை ஆறுக்கு முன்னால் ராஜாஜி சாலையைத் தாண்டிவிட்டால் வெயிலுக்கு முன்னாடியே மாமல்லபுரம் பக்கம் சேர்ந்துவிடலாம்.

கடலில் இறங்குவது இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டேன். காசிமேட்டில் வளர்ந்தவர்களுக்கு அலை தெரியும் என்று அண்ணன் போனில் சொன்னான். உள்ளிழுக்கும் நீரோட்டத்துக்கு ஊர் தெரியாது.

மே 7, வியாழன்

டிரெயின் மூடியைப் பற்றி மூன்று இடத்திலும் கேட்டேன். மூன்று இடத்திலும் "எல்லாம் சரியா இருக்கு சார்."

மே 9, சனி

பணக் கணக்கு. அறை வாடகை ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை 8,968. வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், கையை விட்டுப் போவது 1,198. பேசும்போதே "டாக்ஸோட எவ்ளோ" என்று கேட்கணும்.

இன்னொன்று, கிழமை. சனி ஞாயிறில் டே அவுட்டிங் பஸ்கள் வரும். தங்குகிற 20 குடும்பத்துக்கென்று கட்டிய பூலில் அன்றைக்கு நூறு பேர் இறங்குவார்கள். திங்கள் காலையும் ஆபத்துதான்: ஞாயிற்றுக்கிழமை கலங்கின தண்ணீர் தெளிய, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியிருக்கணும். திங்கள் மதியம் போய் புதன் திரும்பலாம். வாடகையும் குறைவு.

செக்-இன் நேரத்துக்கு முன்னால் போனால் பூலில் விடுவார்களா என்பதையும் எழுதி வாங்கணும். வாயால் சொன்னது ரிசப்ஷனில் ஷிப்ட் மாறினால் மாறிவிடும்.

மே 10, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா, "குளோரின் வாசனை கம்முனு அடிச்சா சுத்தமான பூலுன்னு அர்த்தம்" என்றார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நிலைமை நேர் எதிர். மருந்து சரியாக இருக்கும் பூலில் வாசனை லேசாகத்தான் வரும். மூக்கைத் துளைக்கிற அந்த நெடி, வேர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின். கண் சிவப்பதும் இருமல் வருவதும் அதனால்தான். அந்த நெடி வந்தால் குளோரின் வேலை செய்து தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் போடணும் என்று அர்த்தம்.

தண்ணீரில் எதோடும் சேராமல் மிச்சம் நிற்கும் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), அமில-கார அளவான பி.எச். 7.2 முதல் 7.8 இருக்கணும். இதற்குள் இருந்தால் ஈ கோலை என்கிற பாக்டீரியா ஒரு நிமிஷத்துக்குள் சாகும். ஜியார்டியா என்கிற வயிற்று ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கிரிப்டோ என்கிற ஒட்டுண்ணி மட்டும் அந்த அளவில் பத்து நாள் தாங்கும். அதனால்தான் வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கக்கூடாது என்பது. பி.எச். 8-க்கு மேல் ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் பாதிக்கு மேல் தூங்கும்.

வெயில் அடுத்த எதிரி. மொட்டை வெயிலில் காப்பு இல்லாத குளோரின் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் பறந்துவிடும். காலை ஆறு மணிக்கு மருந்து போட்டுவிட்டு மாலை வரை திரும்பிப் பார்க்காத இடங்களில் மதியம் பிள்ளைகள் வெறும் தண்ணீரில்தான் விளையாடுகிறார்கள். வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் நிற்கும். வருஷக்கணக்கில் ஸ்டெபிலைசர் கலந்த குளோரின் மாத்திரையாகவே போட்டுக்கொண்டிருந்தால் இது ஏறிக்கொண்டே போய்க் குளோரினையே மந்தமாக்கும். குறைக்க வழி, தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிப் புதுசு விடுவது. லாரித் தண்ணீர் வாங்கும் இடத்தில் அதைச் செய்ய மனசு வராது.

மே 12, செவ்வாய்

எம்.சி. ரோட்டுக் கடையில் பூலுக்கு நைலான் டிரஸ். பருத்தி ஏன் கூடாது என்று அம்மா கேட்டார். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து ஃபில்டரில் சிக்கும், சாயம் விடும். துப்பட்டா, தொங்கும் கயிறு, அவிழ்ந்த முடி எதுவும் அடியில் உள்ள மூடிக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

பாப்பாவுக்கு நீலத்தில் அழகாக ஒன்று இருந்தது. வேண்டாம் என்றேன். நீலமும் வெள்ளையும் பூலுக்குள் போனால் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, இல்லை கண்ணைக் குத்தும் ரோஸ். கடைசியில் ஆரஞ்சு. அழுதாள். பரவாயில்லை.

அண்ணிக்கும் அம்மாவுக்கும் முழுக்கை, முழுக்கால் சூட்.  அம்மா படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பாராம். அதற்கும் நைலான்தான்.

கையில் மாட்டும் காற்றுப் பை வாங்கவில்லை. அது விளையாட்டுச் சாமான். நழுவும், காற்று இறங்கும், பார்க்கிறவருக்கும் பொய்த் தைரியம் கொடுக்கும். தொடைக்கு நடுவே பட்டை வரும் லைஃப் ஜாக்கெட், எடைக்கு ஏற்ற அளவில்.

மே 14, வியாழன்

டிக்கெட் வந்துவிட்டது. 22-ஆம் தேதி இறங்குகிறார்கள். அம்மா இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

மே 16, சனி

பாப்பா காது. டாக்டர் பார்த்தார். சவ்வு ஆறிவிட்டது, இறங்கலாம், முக்குளிக்க வேண்டாம். பஞ்சில் வாசலின் தடவி வெளிக்காதில் வைக்கச் சொன்னார். பட்ஸ் கூடாது.

மே 17, ஞாயிறு

முடிவு செய்த ரிசார்ட்டுக்கு மீதிப் பணம் கட்டும் முன் நேரில் போனேன். ஞாயிறுதான் போகணும். கூட்டம் மிஞ்சிய நேரத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மற்ற நாளுக்குப் பயம் இல்லை. தண்ணீர் பரவாயில்லை. கூட்டத்திலும் அடித்தரை தெரிந்தது.

பம்ப் ரூமைக் காட்டச் சொன்னேன். பூல் தம்பி மகிழ்ச்சியாகவே திறந்தான். சாண்ட் ஃபில்டரின் (மணல் வடிகட்டி) அழுத்த மீட்டரில் 14. "சுத்தமா இருக்கும்போது எவ்ளோ தம்பி?" "பத்து ண்ணா." பதினெட்டு இருபது ஆனால் பேக்வாஷ் செய்வானாம், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது. சரியான பதில். குளோரின் மாத்திரை டப்பாவும் ஹைப்போ என்கிற குளோரின் பவுடர் டப்பாவும் ஒரே அலமாரியில் ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அளக்கும் கரண்டியும் வேறு வேறு இருக்கணும் என்றேன். அப்போதே ஒன்றை எடுத்து வெளியே வைத்தான்.

பிறகு கூட்டம் கரையேறியதும் ஆழத்துப் பக்கம் கரையில் குப்புறப் படுத்து மூடியைப் பார்த்தேன். வட்டம், வெள்ளை பிளாஸ்டிக், ஓரம் மஞ்சளித்திருக்கிறது. நாலு ஸ்க்ரூ ஓட்டை. மூன்றில் ஸ்டீல் மின்னுகிறது. நாலாவது வெறும் ஓட்டை. அந்தப் பக்கம் மூடி ஒரு நூல் அளவு தூக்கி நிற்கிறது.

மே 18, திங்கள்

மூடி.

தூக்கம் வரவில்லை. அந்தக் குழாய்தான் மோட்டார் இழுக்கிற வாய். ஒரே ஒரு வாய் இருந்து, மூடி கழன்று, அதன் மேல் ஒரு பிள்ளையின் முதுகு படிந்தால் பெரிய ஆள் ஒருவர் இழுத்தாலும் வராது. அதனால்தான் இரண்டு டிரெயின் வேண்டும் என்பது, அதுவும் மூன்றடியாவது தள்ளி. ஒன்று அடைபட்டால் மற்றது வழியாகத் தண்ணீர் போகும், பிடி இறுகாது. மூடி தட்டையாக இல்லாமல் குடை மாதிரி மேடாக இருக்கணும். அமெரிக்காவில் இதற்கென்றே 2007-இல் சட்டம் போட்டார்கள், ஏழு வயதுக் குழந்தை ஒன்று இப்படிப் போன பிறகு.

அப்படி யாராவது மாட்டினால் முதலில் மோட்டாரை நிறுத்தணும். நேராக மேலே இழுக்கக்கூடாது. உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஓரமாக விரலை நுழைத்து, பிடியை உடைத்து, பக்கவாட்டில் உரித்தெடுக்கணும். மோட்டார் ஸ்விட்ச் எங்கே என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கணும்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். ஸ்க்ரூ போட்டு போட்டோ அனுப்பும் வரை மீதிப் பணம் வராது. "ஒரு ஸ்க்ரூ சார் அது" என்றார். ஆமாம், ஒரு ஸ்க்ரூதான். போடுங்கள்.

மே 19, செவ்வாய்

போட்டோ வரவில்லை.

மே 20, புதன்

வரவில்லை. இரண்டாவது இடத்தில் 25-க்கு அறை இருக்கிறதா என்று கேட்டு வைத்தேன். இருக்கிறது, ஆனால் பேபி பூல் இல்லை.

மே 21, வியாழன்

வந்தது. மூடியே புதுசு, மேடானது. நாலு ஸ்க்ரூ. பூல் தம்பி தண்ணீருக்குள் போய் எடுத்த வீடியோவும் அனுப்பியிருக்கிறான், விரலால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி. பணம் கட்டியாச்சு.

மே 22, வெள்ளி

வந்துவிட்டார்கள். குட்டி என்னைப் பார்த்து அழுதான்.

மே 25, திங்கள்

மதியம் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தோம். பையை இறக்கும் முன் டெஸ்ட் கிட். முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுக்கணும், மேல்மட்டத்தில் எடுத்தால் வெயில் தின்ற அளவைத்தான் காட்டும். குளோரின் அளவை நிறத்தில் காட்டும் டிபிடி மாத்திரை போட்டதும் வெளிர் ரோஸ். அட்டையோடு ஒட்டிப் பார்த்தால் அரை பிபிஎம். பி.எச். 7.6, அது சரி.

பூல் தம்பியிடம் காட்டினேன். பூல் 12-க்கு 6 மீட்டர், சராசரி 1.2 ஆழம், 86,400 லிட்டர். 1 பிபிஎம் ஏற்ற 65 சதவீத ஹைப்போ 133 கிராம். ஒன்றரை ஏற்றணும், 200 கிராம். பக்கெட்டில் முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். மாற்றிச் செய்தால் மேலே தெறிக்கும். கரையோரமாக நடந்துகொண்டே ஊற்றினான். எல்லாரையும் ஒரு மணி நேரம் வெளியே வைத்தோம். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி எடுத்தபோது நல்ல ரோஸ், 2.

அப்புறம் எல்லாரும் ஷவரில் நின்று, ஒரு நிமிஷம், சோப்பு இல்லாவிட்டாலும் போதும். அதன் பிறகு தண்ணீர்.

மே 26, செவ்வாய்

காவல் முறை: ஒரு நேரத்தில் ஒருத்தர், 15 நிமிஷம், கையில் போன் கிடையாது, பேச்சு கிடையாது. மாறும்போது வாயால் சொல்லணும், "இப்ப நீ." நாலு பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எல்லாரும் நினைக்கும்போதுதான் ஒருத்தரும் பார்ப்பதில்லை. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கை அசைக்காது. வாய் தண்ணீருக்குள், தலை பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். குட்டி இறங்கினால் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே.

காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை நாலு முதல் ஆறு. நடுவில் வெயிலுக்கு விட்டுவிடலாம்.

அம்மா படியில் உட்காரத்தான் வந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் படி, மூன்றாம் படி, இப்போது இடுப்பளவில் நிற்கிறார். கைப்பிடியை விட்டுவிட்டார்.

மணி 4.35. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு இடி. எல்லாரும் ஏறியாச்சு. கடைசி இடியிலிருந்து 30 நிமிஷம் யாரும் இறங்கக்கூடாது. பாப்பா ஆரஞ்சு டிரஸ்ஸோடு கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

4.52. இன்னொரு இடி. மறுபடி முதலிலிருந்து.