ஒரே செல், இரண்டு மட்டம்

மன்னார் வளைகுடாவில் வலை இழுக்கிறவர்களுக்குக் கடற்குதிரையின் வளைந்த வாலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. (2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்; சிக்கினால் உயிரோடு கடலில் விட்டுவிடுங்கள்.) 1587-இல் அரான்சியஸ் என்ற இத்தாலிய உடற்கூறு வல்லுநர் மூளைக்குள் அதே வளைவைக் கண்டு, அந்தப் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் (கிரேக்கத்தில் கடற்குதிரை) என்று பெயர் வைத்தார். புது நினைவுகள் பதியத் தொடங்கும் இடம் அதுதான்.

பாடநூல்களில் அதன் சுற்று எளிமையாக இருக்கும். ஹிப்போகாம்பஸின் வாசலான எண்டோரைனல் கார்டெக்ஸிலிருந்து டென்டேட் கைரஸ், அங்கிருந்து சிஏ3, அங்கிருந்து சிஏ1 (இம்மூன்றும் ஹிப்போகாம்பஸின் பகுதிகள்). தவறில்லை, ஆனால் இதை மட்டும் படித்தால், எது பதிய வேண்டும், எது பதியாமல் போக வேண்டும் என்பதையும் இந்த வளையமே தீர்மானிப்பதாகத் தோன்றும். அந்த முடிவில் பெரும்பங்கு வெளியிலிருந்து வரும் நரம்பு இழைகளுக்கு உண்டு. அவை செல்லின் எந்த மட்டத்தில், எந்த நேரத்தில் வந்து சேர்கின்றன என்பதே முக்கியம்.

தென்கடலில் ஒரு பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு) முதன்முறை வல்லத்தில் போகும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் கலங்கரை விளக்கம் எந்தப் பனைக்கு நேரே நிற்கிறது என்று பெரியவர் காட்டுகிறார். இடமும் திசையும் எண்டோரைனல் கார்டெக்ஸின் உட்பக்கத்தின் வழியாக வருகின்றன. 2005-இல் மோசர் தம்பதியரின் குழு கிரிட் செல்களை (இடத்தை வலைக்கட்டம்போல் குறிக்கும் செல்களை) விவரித்தது அந்தப் பக்கத்தில்தான். அடியில் தட்டுப்படும் பாறை, பாசி வாடை போன்றவை வெளிப்பக்கத்தின் வழியாக வருகின்றன. டென்டேட் கைரஸ் செல்லின் டென்ட்ரைட்டை (சமிக்ஞைகளை வாங்கும் கிளையை) மூன்றாகப் பிரித்தால், நுனிப் பங்கில் வெளிப்பக்க இழைகள் இணைகின்றன, நடுப்பங்கில் உட்பக்க இழைகள். பொருளும் இடமும் ஒரே செல்லில் அடுத்தடுத்த மட்டங்களில் வந்து சேர்கின்றன.

அதிகம் பேசவேண்டியது சிஏ1 பற்றி. அதன் டென்ட்ரைட்டில் செல் உடலுக்கு அருகே சிஏ3-இன் இழைகள் இணைகின்றன. அவை ஏற்கெனவே பதிந்ததை நினைவூட்டுபவை. தொலைவான நுனியில், எண்டோரைனல் மூன்றாம் அடுக்கின் இழைகள் இப்போது நடப்பதை நேரடியாகக் கொண்டுவருகின்றன. நுனியில் மட்டும் வரும் சமிக்ஞை செல் உடலை அடைவதற்குள் தேய்ந்துவிடும். இரண்டும் ஒரே சமயம் வலுவாக வந்தால் டென்ட்ரைட்டில் நீண்ட மின்னெழுச்சி உண்டாகிறது. அதற்குப் பல வினாடிகள் முன்னும் பின்னும் இயங்கிய சைனாப்ஸ்கள் (செல்களுக்கிடையிலான இணைப்புகள்) வலுப்பெறுகின்றன. எலிகளில் இப்படி ஒரே எழுச்சியில் ஓர் இடச்செல் (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இயங்கும் செல்) உருவாகிவிடுகிறது. ஒரே பயணத்தில் பார் இருக்கும் இடம் மனதில் நிற்பதற்கு இது பொருத்தமான வழிமுறை. நூறு முறை ஒத்திகை பார்த்தால்தான் நினைவு வலுப்படும் என்ற எண்ணத்தோடு இது ஒத்துப்போகவில்லை.

அதே நுனி மட்டத்தில் மூளையின் நடுவிலுள்ள தாலமஸின் ரியூனியன்ஸ் என்ற செல்திரளின் இழைகளும் இணைகின்றன. திட்டமிடும் பகுதியான முன்நெற்றிக் கார்டெக்ஸ் சொல்வது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் சிஏ1-க்கு வருகிறது. 'இப்போது எதற்காகப் போகிறோம்' என்ற தகவல் நினைவில் கலப்பதில் இதற்குப் பங்குண்டு.

தாளம் வருவது மீடியல் செப்டம் என்ற மூளைப்பகுதியிலிருந்து. எலி நகரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 12 முறை எழும் தீட்டா அலைக்கு அதுவே ஆதாரம். செப்டத்தைச் செயலிழக்கச் செய்தால் தீட்டா தளர்ந்து கிரிட் வடிவம் குலைகிறது. அங்கிருந்து அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளும் வருகிறது. அது சிஏ3-இன் உள்ளிணைப்புகளை எண்டோரைனல் இழைகளைவிட அதிகமாக அடக்கி, பழையதன் சத்தத்தைக் குறைத்துப் புதியதற்கு வழிவிடுகிறது. ஊமத்தையில் உள்ள ஸ்கோபலமைன் இந்த வேதிப்பொருளின் ஏற்பியைத்தான் அடைக்கிறது. ஊமத்தை உண்டவர்களுக்குத் தெளிந்தபின் நடந்தது நினைவில்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆழ்ந்த தூக்கத்தில் அசிட்டைல்கோலின் தானாகவே குறைகிறது. அப்போது சிஏ3 அவிழ்த்துவிட்டதுபோல் பகலில் நடந்ததை வேகமாகத் திரும்ப ஓட்டுகிறது. இரவு முழுக்கக் கடலில் விழித்திருப்பவர்கள் பகல் தூக்கத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுமையும் அச்சமும் தனி வழியில் வருகின்றன. புதிய இடம் என்றால் மூளைத்தண்டின் லோகஸ் சிருலியஸ் நோரட்ரீனலின் என்ற வேதிப்பொருளோடு டோபமினையும் ஹிப்போகாம்பஸில் விடுகிறது. அந்த நேரத்தையொட்டிப் பதிந்த சாதாரண நினைவுகள்கூட நிலைத்துவிடும். சூறாவளி வீசிய அன்றைய சிறு விவரங்கள்கூட வருடக்கணக்கில் நிற்பதில், அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவின் அழுத்தம் இருக்கிறது.

இந்த வழிகளைத் தனித்தனியாகச் சோதிக்க ஆப்டோஜெனடிக்ஸ் முறையை நாடுகிறார்கள். ஒளிக்கு இயங்கும் புரதத்தின் மரபணுவை ஏஏவி என்ற சிறு வைரஸில் ஏற்றி, இழைகள் கிளம்பும் மூலப்பகுதியில் செலுத்தி, இழைநுனிவரை புரதம் பரவச் சில வாரங்கள் காத்திருந்து, நுனியில் ஒளி பாய்ச்சுவார்கள். பிசகுகள் இங்கேதான். வைரஸ் பக்கத்துப் பகுதிக்குக் கசிந்தால் எந்த இழை அணைந்தது என்றே சொல்ல முடியாது. ஒளியின் வெப்பமே செல்களின் இயக்கத்தை மாற்றும். அதனால் ஒளிக்கு இயங்காமல் வெறுமனே ஒளிரும் புரதம் மட்டும் உள்ள விலங்குகளுக்கும் அதே ஒளியைக் கொடுத்து ஒப்பிட்டாக வேண்டும். செல்லை அடக்கப் பயன்படும் ஆர்க்கிரோடாப்சின் என்ற ஒளிப்புரதத்தை இழைநுனியில் நிமிடக்கணக்கில் ஒளியூட்டினால் அடக்குவதற்கு மாறாகத் தன்னிச்சையான வேதிக்கசிவு கூடிவிடும். நுனியைத் தூண்டும்போது மின்துடிப்பு பின்னோக்கி ஓடி, அந்தச் செல்லின் மற்றக் கிளைகளையும் எழுப்பிவிடும். 'இந்த வழிதான் காரணம்' என்று எழுதும் ஆய்வுகளில் நான் முதலில் தேடுவது, மூலப்பகுதியின் திசுவெட்டுப் படத்தையும் அந்த ஒப்பீட்டுக் குழுவையும்தான்.