வேலை என்னுடையது, தாளில் பெயர் யாருடையது?

பிரிட்டனில் எட்டு வருடம் சைட் சைட்டாக சூப்பர்வைசர் வேலை பார்த்த பிறகு, கட்டட சைட்டில் சூப்பர்வைசரின் தகுதியைக் காட்டும் சி.எஸ்.சி.எஸ். கோல்டு கார்டுக்காக என்.வி.கியூ. லெவல் 4 சைட் சூப்பர்விஷன் என்ற தொழில் தகுதிக்குச் சேர்ந்தேன். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது, தினமும் செய்கிற வேலைக்கு ஆதாரம் காட்டினால் போதும் என்றார்கள். இது ஒரு வேலையா என்று நினைத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஃபோனைத் துழாவி 140 படங்களை அனுப்பிவைத்தேன். கூடவே எஸ்.எஸ்.எஸ்.டி.எஸ். என்ற, சூப்பர்வைசர்களுக்கான இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சியின் சான்றிதழும்.

ஆதாரங்களை மதிப்பிடும் அசெஸரிடமிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது: “படங்கள் நன்றாக இருக்கின்றன. இதில் நீங்கள் எங்கே?” சான்றிதழைப் பற்றி ஃபோனில் சொன்னார். அது நான் பயிற்சியில் உட்கார்ந்ததைக் காட்டுகிறதாம், சைட்டில் அதைச் செய்ததைக் காட்டவில்லையாம்.

கோபம்தான் வந்தது. அப்புறம் சைட் ஆபீஸ் அலமாரியைத் திறந்து ஃபைல்களைப் புரட்டினால், மனிதர் சொன்னது சரி. வேலைமுறை அறிக்கைகளும் ஆபத்து மதிப்பீடுகளும் சப்கான்ட்ராக்டர்கள் எழுதியவை. வேலை அட்டவணை பிளானர் போட்டது. சாரத்தை ஏழு நாளுக்கு ஒருமுறை பரிசோதித்தாக வேண்டும் என்பது 2005-இன் உயரப் பணி விதி. அந்த அறிக்கைகளில் சாரம் கட்டும் நிறுவனத்தின் கையெழுத்து இருந்தது. ஒருநாள் ஓரப்பலகை கழன்று கிடந்ததைப் பார்த்து ஏணியைக் கட்டிப் பூட்டி, ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வைத்தது நான். அது எந்தத் தாளிலும் இல்லை. சூப்பர்வைசர் வேலையில் முக்கால்வாசி வாயாலும் ஃபோனாலும் நடக்கிறது, சாயங்காலம் ஆனால் காற்றோடு போய்விடுகிறது.

அன்றிலிருந்து சைட் டயரியை வேறு மாதிரி எழுதினேன். “கான்கிரீட் போடப்பட்டது” என்று முடித்துக்கொண்டிருந்தவன், யார் கேட்டார்கள், நான் என்ன முடிவெடுத்தேன், ஏன், யாரிடம் சொன்னேன் என்று நாலு வரி சேர்த்தேன். மூன்றாவது வாரமே பலன் கிடைத்தது. முதல் மாடித் தளத்துக்கு எஸ்3 கான்கிரீட் கேட்டிருந்தோம், அதாவது ஸ்லம்ப் (கான்கிரீட் எவ்வளவு இளகியிருக்கிறது என்ற அளவு) 100 முதல் 150 மில்லிமீட்டர். இரண்டாவது லாரியில் அளந்தால் 210. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, பத்துப் பேர் நிற்கிறார்கள், டிரைவரோ வரும் வழியில் மழை என்கிறார். டெலிவரி சீட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு லாரியைத் திருப்பினேன். பிளான்ட்டுக்கு ஃபோன் செய்து, அதையே மெசேஜாகவும் அனுப்பினேன். அடுத்த லாரி வரும்வரை போட்ட கான்கிரீட்டின் விளிம்பு இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்களை மாற்றி நிறுத்தினேன்.

சீட்டு, டயரிப் பக்கம், மெசேஜ், பிறகு வந்த 7 நாள், 28 நாள் க்யூப் (கான்கிரீட் வலிமைச் சோதனை) முடிவுகள் எல்லாம் ஒரே கட்டாகப் போயின. அசெஸர் அதைத் தரக் கட்டுப்பாடு, வேலை ஒருங்கிணைப்பு, பதிவேடு, தகவல் பரிமாற்றம் என நாலு யூனிட்டில் (தகுதியின் பகுதிகளில்) குறித்துக்கொண்டார். 140 படம் செய்யாததை ஒரு கசங்கிய சீட்டு செய்துவிட்டது.

தப்பும் செய்தேன். சைட்டுக்குப் புதிதாக வருபவர்கள் நிரப்பும் இண்டக்‌ஷன் படிவங்களை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன். அதில் ஆட்களின் பிறந்த தேதி, நோய், மாத்திரை விவரமெல்லாம் இருக்கும். அன்று மாலையே அசெஸர் நீக்கச் சொல்லிவிட்டார். பெயர்களைக் கறுப்படித்து, என் கையெழுத்து இருக்கும் பகுதியை மட்டும் மறுபடி அனுப்பினேன். வாடிக்கையாளரின் வரைபடங்களைக் காட்ட மேனேஜரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சாட்சிக் கடிதம் இன்னொரு கூத்து. மேனேஜர் முதலில் எழுதித் தந்தது: “கடின உழைப்பாளி, நல்ல மனிதர்.” சந்தோஷம்தான், ஆனால் யூனிட்டுக்கு உதவாது. “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். அதற்கு நான் உடன்படவில்லை, அவர் கண்ணால் பார்த்ததை அவர் வார்த்தையில் சொல்வதுதானே சாட்சி! டீ இடைவேளையில் உட்காரவைத்து, லாரியைத் திருப்பிய அன்று என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். தேதியோடு அரைப் பக்கம் எழுதினார்.

நேரில் பார்க்க அசெஸர் வந்த நாளில் பலத்த காற்று, கிரேன் நின்றுவிட்டது. காட்ட ஒன்றுமில்லையே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளிச்சுவர் ஆட்களை உள்வேலைக்கு மாற்றி, டெலிவரியைத் தள்ளிவைத்து, எல்லோரையும் கூட்டிப் புதிய திட்டத்தைச் சொன்னேன். அவர் ஓரமாக நின்று எழுதிக்கொண்டே இருந்தார். திட்டப்படி நடந்திருந்தால் பாதிகூட எழுதியிருக்க மாட்டார் என்றார் போகும்போது.

சைட்டில் நடக்காத விஷயங்களைப் பேச்சில் கேட்டார்கள், ஒன்றரை மணி நேரம், பதிவு செய்துகொண்டு. விபத்தில் ஒருவர் ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வரமுடியாவிட்டால்? வேலையிட விபத்துகளைத் தெரிவிப்பதற்கான ரிடோர் விதிப்படி 15 நாளுக்குள் அறிக்கை. முதலில் பத்து என்று உளறி, பிறகு திருத்திக்கொண்டேன்.

ஏழு மாதம் ஆயிற்று. கடைசியில், அசெஸரின் மதிப்பீட்டைச் சரிபார்க்கும் உள்சரிபார்ப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு ஃபைலைத் திருப்பினார்: டெலிவரி சீட்டில் இருக்கும் கிறுக்கல் யாருடையது? மாதிரிக் கையெழுத்துப் போட்டு, கீழே முழுப் பெயரையும் எழுதி அனுப்பினேன். இப்போது சீட்டு எதுவானாலும் கிறுக்கலுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதிவிடுகிறேன். டிரைவர்களுக்குப் பொறுமை போகிறது.